திறப்பு யாரிடம் இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். கையில் ஆய்வு முன்மொழிவு இருக்கும். தலைப்பும் அநேகமாக ஒன்றுதான்: "சமகாலச் சமூகத்தில் சமயத்தின் வகிபாகம்: மட்டக்களப்பு மாவட்டத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு." பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு நான் கேட்பது இதைத்தான்: "மகள், இந்தச் சமகாலச் சமூகத்துக்குப் போக எந்தத் தரிப்பிடத்தில் இறங்க வேண்டும்?"

கிண்டலுக்காகக் கேட்பதில்லை. இறங்குமிடம் சொல்ல முடியாத தலைப்போடு கள ஆய்வுக்குப் போக முடியாது. நான் பேராசிரியை அல்ல. களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் படிப்பித்துக்கொண்டே முதுதத்துவமாணி ஆய்வு செய்தவள். பிறகு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த ஆய்வாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலும் அலைந்தவள். அவர்கள் விட்ட பிழைகளையும் பார்த்திருக்கிறேன், என் பிழைகளையும் மறக்கவில்லை. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

தலைப்பைச் சுருக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, சண்டையைத் தேடுவது. போன முறை வந்த பிள்ளையிடம் "உங்கள் ஊர்க் கோயிலில் கடைசியாக எதற்குச் சண்டை வந்தது?" என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னாள். அன்னதானத்தை யார் சமைப்பது என்பதற்காம். சுவிஸில் இருக்கும் ஒரு குடும்பம் முழுச் செலவையும் ஏற்று, கல்முனையிலிருந்து சமையல்காரரை வண்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஊர் ஆம்பிளைகள் இரவிரவாகக் கிடாரத்தில் கிண்டிய சோறு போயிற்று. காய்கறி வெட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசிய பெண்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. "இதெல்லாம் சமயமா, டீச்சர்?" என்று கேட்டாள். "வேறென்ன?" என்றேன். வகிபாகம் வெட்டப்பட்டது. ஒரு கோயில், ஒரு அடுப்படி, பத்து ஆண்டுகளில் அங்கே கைமாறிய கரண்டி. அதுவே தலைப்பாயிற்று. இடம், காலம், ஆட்கள், அவர்கள் செய்யும் ஒரு காரியம் ஆகிய நான்கும் தலைப்பிலேயே தெரிந்தால் பாதி வேலை முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதை மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமை வாசியுங்கள், ஆனால் அவர் ஆஸ்திரேலியாவை மிதிக்காமலே ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சமயத்தைப் பற்றி 1912 இல் பெரிய நூல் எழுதினார் என்பதையும் நினைவில் வையுங்கள். நவீனம் வளர வளரச் சமயம் தேயும் என்று 1960களில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் சமூகவியலாளர் பீற்றர் பேர்கர். 1999 இல் அவரே, தாம் சொன்னது பிழைத்துவிட்டது என்று எழுதினார். அந்த நேர்மையை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். உள்ளூர் வாசிப்பில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி (குலப் பிரிவு) முறை இருப்பதையும், கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் அந்தக் குடிகளின் மேலேயே கட்டப்பட்டிருப்பதையும் விரிவாகக் காட்டினார். அதைப் படிக்காமல் இங்கே கோயிலுக்குள் போனால், கண்முன்னால் நடப்பதில் பாதி விளங்காது.

அடுத்தது சொல். "மதம்" என்ற சொல்லைக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் பக்கத்தில் அது குடிசன மதிப்பீட்டுப் படிவத்துக்கும் பத்திரிகைக்கும் உரிய சொல். "சமயம்" பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம். முஸ்லிம் வீட்டில் "மார்க்கம்" என்பார்கள். வயதானவர்கள் கிறிஸ்தவர்களை இன்றும் "வேதக்காரர்" என்றே சொல்வதைக் கேட்கலாம். "உங்கள் வாழ்க்கையில் மதம் எவ்வளவு முக்கியம்? மிக முக்கியம், முக்கியம், ஓரளவு, முக்கியமில்லை" என்று வினாக்கொத்தை நீட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "மிக முக்கியம்" என்று அடையாளமிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என் முதல் ஆய்வில் அப்படித்தான் ஒரு கட்டுத் தாளை நிரப்பிக்கொண்டு வந்தேன். எல்லாத் தாளிலும் ஒரே விடை. அதிலிருந்து எனக்குத் தெரிந்தது, எங்கள் சனம் மரியாதை தெரிந்தது என்பது மட்டும்தான்.

அதைவிடச் சிறிய சொற்களைக் கவனியுங்கள். ஒரு கோயிலில் ஆண்டு விழாவைச் "சடங்கு" என்கிறார்களா, "திருவிழா" என்கிறார்களா? பூசை செய்பவர் உள்ளூர்ப் பூசகரான கப்புகனாரா, கட்டாடியாரா, ஆகம முறைப்படி பூசை செய்யும் குருக்களா? பத்து ஆண்டுக்கு முன் சடங்காக இருந்தது இன்று மகோற்சவமாகி, கொடித்தம்பம் எழும்பி, குருக்கள் வந்திருந்தால் அங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. மண்டூர் முருகன் கோயிலைப் பாருங்கள். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற கோயில், கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்கிறார். அந்த மௌனத்தை ஏன் மாற்றவில்லை என்பது, மற்றக் கோயில்கள் ஏன் மாறின என்ற கேள்விக்குச் சமமானது.

புள்ளிவிவரம் வேண்டாமா என்றால், வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம்கள் கால் பங்கு. அம்பாறையில் முஸ்லிம்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல், பௌத்தர்கள் அதற்குச் சற்றுக் குறைவு, இந்துக்கள் ஆறில் ஒரு பங்கு அளவில். முதலாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் இதற்குப் போதும். ஆனால் அந்தப் படிவத்தில் கிறிஸ்தவருக்கு இரண்டே பெட்டிகள்: ரோமன் கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர். 1814 இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய நாளிலிருந்து இங்கே இருக்கும் மெதடிஸ்தரும், போன வருடம் தகரக் கொட்டிலில் தொடங்கிய ஜெபக்கூடமும் ஒரே பெட்டிக்குள்தான். செவ்வாய்க்கிழமை ஆயித்தியமலை மாதாவுக்கு மெழுகுதிரி, வெள்ளிக்கிழமை மாமாங்கப் பிள்ளையாருக்கு அருச்சனை என்று வாழும் மனுசிக்குப் பெட்டியே இல்லை. ஆய்வுக்கு உரியவள் அவளே.

இனித் திறப்புக்கு, அதாவது சாவிக்கு, வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் ஊரில் ஒரு கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரையைப் பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு சாத்தினால் அடுத்த வைகாசி வரை உள்ளே யாரும் போவதில்லை. அம்மனின் நகை இருக்கும் பெட்டகத்துக்கு மூன்று பூட்டு. மூன்று திறப்பு, மூன்று குடியின் வண்ணக்கர்மாரிடம் (கோயில் பொறுப்பாளர்களிடம்). ஒருவர் வராவிட்டால் பெட்டகமும் திறக்காது, கோயில் கதவும் திறக்காது. முதல் ஆய்வின்போது எனக்கு இது தெரியாது, ஊர்க்காரியாக இருந்தும் தெரியாது. வினாக்கொத்தில் அப்படியொரு கேள்வி இருக்கவில்லை.

இரண்டாம் முறை வெறும் கொப்பியோடு போய்க் கதவு திறக்கும் நாளில் ஆலமரத்தடியில் குந்தியிருந்தேன். பறை தயார், பாடுகிறவர்கள் தயார், கூட்டம் நிற்கிறது. கதவு திறக்கவில்லை. மூன்றாம் திறப்புக்கு உரியவர் வரவில்லை. அந்த வண்ணக்கர் தோஹாவில் வேலைக்குப் போயிருந்தார். திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்? மகனிடம். மகன் திறப்போடு வந்து நிற்கிறான். மற்ற இருவரும் அவனை உள்ளே விடவில்லை. "மகன் வேறு குடி" என்றார்கள். மகனுக்குத் தாயின் குடி. திறப்பு போக வேண்டியது வண்ணக்கரின் சகோதரி மகனுக்கு, அதாவது மருமகனுக்கு. மருமகன் அப்போது வாழைச்சேனையில் இருந்தார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் அம்மன் காத்திருந்தாள்.

அந்த மூன்று மணி நேரத்தில் கிடைத்தது, முந்தைய ஒன்றரை ஆண்டில் கிடைக்கவில்லை. தாய்வழி முறை ஏட்டில் மட்டும் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தது. வளைகுடா வேலை ஒரு கோயிலின் அதிகாரத்தை எப்படித் தொடுகிறது என்று தெரிந்தது. தகப்பன் சொத்து மகனுக்கு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்த இளைஞன், சனத்தின் முன்னால் முகம் சிவந்து நின்றதையும் கண்டேன். மருமகன் வந்த பிறகு அவன் திறப்பைக் கையில் கொடுக்கவில்லை. வாசல் படியில் வைத்துவிட்டு விலகி நின்றான். மருமகன் குனிந்து எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "சமகாலச் சமூகத்தில் சமயத்தின் வகிபாகம்" என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் படிதான் நினைவுக்கு வரும்.

ஆகவே எந்த வழிபாட்டிடத்துக்குப் போனாலும், நம்பிக்கையை விசாரிக்குமுன் திறப்பை விசாரியுங்கள். யாரிடம் இருக்கிறது, அவருக்கு முன் யாரிடம் இருந்தது, அவர் இல்லாதபோது யாரிடம் போகும்? பள்ளிவாசலானால் நம்பிக்கையாளர் சபையில் (நிர்வாக சபையில்) இருப்பவர்கள் யார், குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் என்ற பழைய ஒழுங்கு இன்னும் இருக்கிறதா, உண்டியலை எண்ணும்போது யார் கூட இருக்கிறார்கள்? கத்தோலிக்கக் கோயிலானால் பங்குத்தந்தை மாறும்போது மாறாமல் இருப்பவர் யார்? அநேகமாகக் கோயிலைக் கூட்டுகிற அம்மாவிடம் இன்னொரு திறப்பு இருக்கும். அவரிடம் பேசுங்கள்.

திறப்புக்கு அடுத்தது கல். கோபுர வாசலிலும் மண்டபத் தூணிலும் பதித்த உபயகாரர் கல்வெட்டுகளை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்: பெயர், ஊர், ஆண்டு. வெயில் ஏறுமுன் காலையில் போனால் எழுத்து தெளிவாகத் தெரியும். பழைய சீமெந்துப் பலகையில் ஊர்ப் பெயர்களும் குடிப் பெயர்களும் இருக்கும். ஒரு கட்டத்தில் லண்டன், கனடா, சுவிஸ் வந்து நுழையும். எந்த ஆண்டு நுழைந்தது என்று குறித்தால் போரும் புலம்பெயர்வும் அங்கேயே பதிவாகியிருப்பது தெரியும். கரையோர ஊர்களில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழும்பிய கட்டடங்களைத் தனியாகக் குறியுங்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தையும் போய்ப் பாருங்கள். கடல் சாய்த்ததை ஊர் என்ன செய்தது என்று கேட்டால், யாரும் சுருக்கமாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

இனிச் செய்யக் கூடாதவை. என் கையால் சுட்டுக்கொண்டதிலிருந்து தொடங்குகிறேன். ஒருவரை நேரே பார்த்து "நீங்கள் என்ன குடி?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். குடிக்குள்ளே சாதி ஒளிந்திருக்கிறது. படுவான்கரையில் ஒரு பெரியவரிடம் நாலு பேர் முன்னிலையில் அப்படிக் கேட்டுவிட்டேன். அவர் வெற்றிலைத் தட்டை மூடினார். எழும்பி உள்ளே போனவர் அந்த ஆண்டு முழுவதும் என்னோடு பேசவில்லை. சடங்கில் குடிக்கு ஒரு நாள் என்பதால், இப்போது "உங்கள் ஆட்களுக்கு எத்தனையாம் நாள் சடங்கு?" என்று கேட்கிறேன். விரும்பினால் மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

சம்மதப் படிவமும் ஒரு சிக்கல். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கையொப்பம் கேட்கும். ஆனால் பெயர் எழுதிக்கொண்டு போன கடதாசிகளுக்குப் பின்னால் என்னென்ன வந்தன என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஒரு பெத்தா (பாட்டி) என் பேனையை வாங்கி, மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தார். "கதை கேள் மகள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன். பெயர் வேண்டாம்" என்றார். வாய்மொழிச் சம்மதம் போதும் என்பதை முன்மொழிவிலேயே காரணத்தோடு எழுதி, குழுவிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். கிராம சேவகரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் அவரோடு சேர்ந்து வீட்டுப் படலைக்குள் நுழையாதீர்கள். அரசாங்க ஆள் என்ற முத்திரை விழுந்தால் கழுவ முடியாது.

தெய்வமாடுகிற இடத்தில் தொலைபேசியைப் பைக்குள் போடுங்கள். 1990களில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஆராய்ந்தார். வேறெங்கும் கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்டார்கள்: "என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா?" இன்றும் கேட்கிறார்கள். உரு ஏறிய ஒரு பெண்ணை மாணவன் ஒருவன் படம் பிடித்தான். நண்பனுக்கு அனுப்பினான், நண்பன் முகநூலில் போட்டான். அந்தப் பெண்ணின் மகளுக்கு நடந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சு அதோடு நின்றது. ஆய்வேட்டுக்கு அவனுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அந்த வீட்டுக்கு இன்றுவரை நான் போக முடியவில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

தமிழ்ப் பிள்ளை காத்தான்குடிக்கும், முஸ்லிம் பிள்ளை கொக்கட்டிச்சோலைக்கும் போய் ஆய்வு செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதுண்டு. இருபது நிமிட பஸ் பயணத்துக்குள் இருக்கும் ஊரைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பொறுத்துப் போங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட ஊர் காத்தான்குடி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் குண்டு வெடித்த சீயோன் தேவாலயம் மட்டக்களப்பு நகரத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் முஸ்லிம்களிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொல்லில் கேட்டார்கள். நீங்களும் அதையே கேட்டால் எல்லோருக்கும் சொன்ன பதிலே உங்களுக்கும் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் அந்த நாட்களைத் தொடாதீர்கள். கந்தூரிச் சோறு, மையித்து (சாவு) வீடு, பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு கட்டும் கவலை ஆகியவற்றில் தொடங்கலாம். சீதன வீட்டுக் கவலை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே என்பதால் பேச்சு தானாக ஓடும். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் சமையல் நேரத்தில் ராத்தாமாரைப் பிடித்து வைத்து நேர்காணல் எடுக்காதீர்கள். "முஸ்லிம்களின் கருத்து" என்று ஒன்றை எழுதியும் விடாதீர்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு ஆண்டுதோறும் போகிறவரும், அது மார்க்கத்துக்குப் புறம்பு என்பவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

குறிப்பு எழுதும் விதத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கொப்பியின் இடப்பக்கம் கண்டதும் கேட்டதும், வலப்பக்கம் நான் நினைத்தது. இரண்டையும் கலக்க மாட்டேன். அன்றிரவே எழுதிவிட வேண்டும். காலையில் எழுதினால் எல்லாம் அர்த்தத்தோடு வந்துவிடும், அது ஆபத்து. ஆட்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள், மேடைத் தமிழாக்காதீர்கள். நல்ல நேர்காணல்கள் எனக்குக் கிடைத்தது கதிரை போட்ட விறாந்தையில் அல்ல. குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) வரும்வரை காத்திருந்த நேரத்தில் கிடைத்தவையே அதிகம். வாவியைப் பார்த்துக்கொண்டு பேசும்போது யாரும் முகத்தைப் பார்த்துச் சொல் தேடுவதில்லை.

பெயரை மாற்றிவிட்டேன், ஆகவே ஆளைத் தெரியாது என்று நம்பாதீர்கள். "இரண்டாம் குடி வண்ணக்கர், வயது 68, ஓய்வுபெற்ற தபாலதிபர்" என்று எழுதினால் ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். வயதையோ தொழிலையோ ஊரையோ கலையுங்கள். இங்கே நான் சொன்ன திறப்புக் கதையிலும் இரண்டு விவரம் மாறியிருக்கிறது. எவை என்று கேட்காதீர்கள்.

எழுதி முடித்தால் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சோதனை முடிந்தது, பட்டம் வந்தது என்று மறைந்துவிடுகிறவர்களால்தான் அடுத்து வருபவருக்குக் கதவு சாத்தப்படுகிறது. நான் என் ஆய்வேட்டைச் சிவப்பு அட்டை கட்டி, தாம்பாளத்தில் பாக்கு வெற்றிலையோடு கொண்டுபோனேன். மூத்த வண்ணக்கர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தம் தாய்மாமனின் பெயரைத் தேடினார். நான் மாற்றி எழுதியிருந்த பெயரில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். "எழுத்துப் பிழை இருக்கிறது, மகள்" என்றார். பிறகு மற்ற இருவருக்கும் ஆள் அனுப்பினார். மூவரும் கூடிப் பேசி, அடுத்த வைகாசியில் அதை அம்மனின் பெட்டகத்துக்குள், பட்டுச் சீலைக்கு அடியில் வைத்தார்கள். என் வீட்டிலிருந்த பிரதியைச் சுனாமி கொண்டுபோயிற்று. எட்டாம் அத்தியாயத்தில் ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று திறப்பும் ஒன்றாக வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.